மூன்று மணிக்கு நம்பர் விளிக்கிற அக்கா

அக்காவின் முகம் பழகுவதற்கு எட்டு மாதம் முன்பே அவள் குரல் எனக்குப் பழகிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளித்தான் அவள் வீடு. நான்கு வீடு நடக்க எட்டு மாதமா என்று கேட்பவர்கள், ஆள்மாற்று இல்லாமல் ஒரு நோயாளியை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

தக்கலையிலிருந்து திருவட்டாறு போகிற ரோட்டில், ரப்பர் தோட்டத்தை வெட்டிப் பிளாட் போட்ட இடத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்துகொண்டே கட்டியது. ஐந்து படுக்கையறை. குடியிருந்தது நானும் மாமியாரும். மாமியாருக்கு இடுப்பெலும்பில் கம்பி வைத்திருந்தது, ஞாபகமும் போய்விட்டது. நான் அடுப்படியில் திரும்பிய நேரத்தில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, "எனக்க வீட்டுக்குப் போணும்" என்று ரோட்டுக்கு இறங்கிவிடுவார். அதனால் கிரில் கதவுக்கு எப்போதும் பூட்டு. சாவி என் நைட்டியில் ஊக்கால் குத்தியிருக்கும். வாசலில் ஒரு கேமரா, ஹாலில் ஒரு கேமரா. பால் பாக்கெட் எடுக்க நான் கேட் வரை போனால் மஸ்கட்டிலிருந்து போன் வரும். "எங்க போற?" அவர் கெட்டவர் இல்லை. அம்மா மறுபடி விழுந்துவிடுவார் என்ற பயம். ஆனால் நாளுக்கு நான்கு தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு வந்தது.

அப்படி ஒரு திங்கட்கிழமை, மீன்காரி சாளையை அளந்து போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்து கிரில் வழியாக நீட்டினாள். "நாலாமத்த வீட்டு நர்ஸக்கா தந்துவிட்டாவ. ஒங்க நம்பர நான் குடுத்திருக்கேன், மூணு மணிக்கு போன எடுக்கணுமாம்." பழைய கல்யாணக் கார்டை வெட்டி, அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பதினைந்து எண்கள் எழுதியிருந்தது. மீன் வாடை அடித்தது. சர்ச் பிக்னிக்கில் விளையாடுகிற தம்போலா டிக்கெட் என்று பார்த்ததும் தெரிந்தது. யாருக்கோ பொழுது போகவில்லை என்று நினைத்தேன். எனக்கு மட்டும் பொழுது போய்க்கொண்டா இருந்தது?

மூன்று மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. எடுத்தவுடனே "வணக்கம்" இல்லை, "எப்படி இருக்க" இல்லை. தகர டின்னைக் குலுக்குகிற சத்தம். பிறகு கனத்த, நிதானமான குரல். "நாப்பத்தியாறு. உண்டா இல்லியா?" ஒரு பெண் "உண்டு" என்றாள். இன்னொரு பெண் "இல்ல" என்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "புதுசு வந்த பிள்ளே, வாயத் தொறந்து சொல்லணும். உண்டா இல்லியா?" என்றது குரல். "இல்ல" என்றேன். "செரி. அடுத்தது."

அழைப்பில் நாங்கள் நான்கு பேர், எல்லாரும் அதே தெருதான். அக்கா குவைத்தில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவள். வந்த ஆறாம் மாதம் அவள் கணவருக்குப் பக்கவாதம். பேச்சும் போய், மூக்கில் குழாய் வழியாகத்தான் கஞ்சி. அடுத்தவர் ரிட்டயர்டான டீச்சர். தொண்ணூறு வயது அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக லில்லி. அவள் மகன் பைக்கிலிருந்து விழுந்து, இருபத்திரண்டு வயதில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். படுத்திருப்பவர்கள் உறங்குகிற மூன்றிலிருந்து மூன்றரை வரைதான் எங்களுக்கு நேரம். புளியங்கொட்டையால் எண்ணை மூடிக்கொண்டே வர வேண்டும். அட்டை முழுவதும் மூடியவள் "ஹவுஸ்" என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது. மறுநாள் மீன்காரி கையில் அவளுக்கு ஆறு முந்திரிக்கொத்துப் பலகாரம் வரும். திங்கட்கிழமை தோறும் புது அட்டை.

ஆட்டம் நடக்கும்போது யாரும் கஷ்டம் சொல்லக் கூடாது. அது அக்காவின் சட்டம். ஒரு தடவை லில்லி, "எக்கா, பய இன்னைக்குக் காலத்தேருந்து ஒண்ணும் எறக்கல" என்று ஆரம்பித்து விம்மினாள். "பதினேழு," என்றாள் அக்கா. "மொதல்ல அதை மூடு. பிறகு கரஞ்சு அழு." லில்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பதினேழு உண்டு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என்ன கல்மனசு என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும் அக்கா லில்லியைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் சாய்த்து வைத்துக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள் என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரியும்.

டீச்சர் ஒரு நாள் எதையோ படித்துவிட்டு வந்து, "தம்போலா வெளையாடினா மூளைக்கு நல்லதாம். ஞாபகம் நிக்குமாம், மனசு லேசாகுமாம், நாலு பேரு ஒறவு கெடைக்குமாம்" என்றார். அக்காவுக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். அரை மணிக்கூர் நேரம், கொஞ்சம் வெள்ளம் கொண்டா, கொஞ்சம் திருப்பிப் போடுன்னு ஒருத்தரும் நம்மள விளிக்காம இருக்கட்டும். அவ்வளவுதான்." குவைத்தில் நர்ஸ்களை ஹாஸ்டலை விட்டு வெளியே போக விடமாட்டார்களாம். லீவு நாளில் பிலிப்பைன்ஸ் பெண்கள் பிங்கோ போட்டு ஆடுவார்களாம். "அங்க அடைச்சுப் போட்டப்பம் படிச்சது. இஞ்ச அடைஞ்சு கெடக்கும்பம் ஒதவுது" என்றாள். தன்னைப் பற்றி அவள் அதிகபட்சம் சொன்னது அதுதான்.

ஆனால் அவளுக்குக் காது உண்டு. அப்படி ஒரு காதை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. ஒரு நாள் எண்பத்தொன்றுக்கு டீச்சர் பதில் சொல்லவில்லை. கதவு திறக்கப் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். அடுத்த எண்ணுக்கும் பதில் இல்லை. அக்கா, "எல்லாரும் லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, புருஷனைக் கட்டிலோடு பெல்ட் போட்டுவிட்டு, டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். டீச்சர் சர்க்கரை இறங்கி அடுப்படியில் மயங்கிக் கிடந்தார். வாயில் சீனியைக் குழைத்துத் தேய்த்து எழுப்பி உட்கார வைத்துவிட்டு, அவர் போனிலேயே எங்களிடம் சொன்னாள். "ஒண்ணுமில்ல. நாளைக்கு முதல்லேருந்து போடலாம்." மூச்சு வாங்கியது, குரல் மட்டும் மாறவில்லை.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்தது சீட்டுப் போடுகிற வீட்டில். எதைத் தீர்மானிக்க வேண்டுமென்றாலும் அப்பா துண்டுத் தாளில் எழுதி, மடித்து, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுக்கச் சொல்வார். புது வருஷ ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கிற, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வருஷம் முழுக்கப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைவோம். நான் லேப் டெக்னீஷியன் படித்ததும் சீட்டில் விழுந்ததுதான். இரண்டு மாப்பிள்ளைகள் வந்தபோது மஸ்கட் மாப்பிள்ளை விழுந்ததும் சீட்டில்தான். கேட்டுக் கிடைப்பதை விட விழுந்து கிடைப்பதுதான் கர்த்தருடைய சித்தம் என்று எங்களுக்குப் பழக்கம்.

தக்கலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஆள் தேவை என்று என்னோடு படித்தவள் கூப்பிட்டாள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அன்று முழுவதும் கை ஓடவில்லை. நான்கு மணி நேரம் நான் பேன்ட்டோ சேலையோ உடுத்தி, பஸ் ஏறி, என் பெயர் தெரிந்த மனிதர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பேன். மாமியாரை அந்த நான்கு மணி நேரம் யார் பார்ப்பது? அதை என் வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? எனக்கு வாய் வரவில்லை. அதனால் என் வீட்டுப் பழக்கத்தில் ஒரு முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு ஃபுல் ஹவுஸ் விழுந்தால் கர்த்தர் போகச் சொல்கிறார். விழுந்தவுடன் அவரிடம் தைரியமாகச் சொல்லிவிடுவேன். விழாவிட்டால் இல்லை.

அந்த வாரம் நான் பறந்துகொண்டிருந்தேன். மூன்று மணி எப்போது வரும் என்று காத்திருந்தேன். "உண்டு" என்று நான் சொல்வதைக் கேட்டு டீச்சரே, "ஒனக்கென்ன, இன்னைக்குக் கொரல்ல குஷி?" என்றார். திங்கள் டீச்சருக்கு விழுந்தது. செவ்வாய் லில்லி. புதனும் லில்லி. வியாழன் டீச்சர். வெள்ளிக்கிழமை என் அட்டையில் பதினான்கு எண்கள் மூடியாகிவிட்டது. ஒரே ஒரு எண் பாக்கி. டின் குலுங்கியது. அக்கா சொன்ன எண் என்னிடம் இல்லை. லில்லி "ஹவுஸ்" என்றாள்.

குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அங்கே கேமராவும் கிடையாது, சத்தமும் வெளியே கேட்காது. சாயங்காலம் தோழியைக் கூப்பிட்டு, "இல்லடி, சரிப்படாது" என்றேன். அவருக்கு எதுவும் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. நான் ஒன்றைக் கேட்டேன், இல்லை என்று பதில் வந்தது, அவ்வளவுதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நண்பகல், அக்கா ஆட்ட நேரத்துக்கு வெளியே முதல் தடவையாகக் கூப்பிட்டாள். "மக்களே, ஒருக்கா வர முடியுமா? அவிய கட்டில்லேருந்து விழுந்துட்டாவ. எனக்குத் தூக்க முடியல." மாமியாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அன்றுதான் அக்காவை நேரில் பார்த்தேன். குள்ளமான, பருத்த உடம்பு. நைட்டியின் மேல் தோளில் துண்டு. தரையில் கிடந்த அண்ணன், அக்காவின் கணவர், அந்த நேரத்திலும் முகம் மழித்துச் சுத்தமாக இருந்தார். தினமும் காலையில் சவரம் செய்துவிடுவாள் போல. இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். அக்கா முழங்கை வரை கை கழுவப் போனாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, போன் மேஜையில் ஒரு நோட்டு திறந்து கிடந்தது.

ஒரு பக்கத்தில் எங்கள் அட்டைகளின் நகல். அடுத்த பக்கத்தில் அன்றைய தேதி போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக எண்கள். ஆட்டம் நடக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆனால் எண்கள் வரிசையாக எழுதியாகிவிட்டது. ஐம்பத்தெட்டாவது வரியில் ஒரு கோடு இழுத்து, "லில்லி ஹவுஸ்" என்றிருந்தது. அடியில், முந்தின ஆட்டத்தில் கேட்டதை வைத்து, நர்ஸ்கள் ஆஸ்பத்திரியில் எழுதுவதுபோல ஆளுக்கு ஒரு வரி. டீச்சர்: தொண்டை கட்டியிருக்கு, அழுதிருக்கா. லில்லி: பதில் மெதுவா வருது, நேத்தும் ஒறங்கல.

நான் பின்னால் புரட்டினேன். அந்த வாரத்துக்குப் போனேன். திங்கள், என் பெயர், "குரல் நல்லாயிருக்கு." செவ்வாய், "குரல் நல்லாயிருக்கு." புதன், வியாழன், வெள்ளி, ஐந்து நாளும் அதேதான். வெள்ளிக்கிழமை மட்டும் கூட ஒரு சொல் இருந்தது. "சந்தோசம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நோட்டு என் கையில் இருப்பதைப் பார்த்தும் அவள் பதறவில்லை.

"ஜெயிக்கதும் தோக்கதும் எல்லாம் நீங்க எழுதி வைக்கியதா எக்கா?"

"பின்னே? டின்னுக்குள்ள கெடக்கிய நம்பர் கட்டைக்கு யாருக்கு என்ன சீக்கு தீனம்னு தெரியுமா?" என்றாள். "அவியளுக்குக் குழாய்ல கஞ்சி எறங்க முக்கால் மணிக்கூர் ஆவும். அந்த நேரத்துல எழுதுவேன். அன்னன்னைக்கு எவளுக்கு மேலுக்கும் மனசுக்கும் முடியலியோ அவளுக்கு."

நான் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். சீட்டு, லேப், தோழி, குளியலறை எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் ஏறியது. கர்த்தர் இல்லை என்று சொன்னதாக நம்பி மூன்று வாரம் கிடந்தேனே, சொன்னது இந்த நோட்டா என்று கத்தினேன். அண்ணன் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ சிரிச்சுச் சிரிச்சுப் பேசினியே பிள்ளே."

"கஷ்டம் சொல்லப்படாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டிய?"

அக்கா என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினாள். "நாளைக்கு மொதல் நேரா எடுக்கியேன்" என்றாள். மற்ற இரண்டு பேரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா நிஜமாகவே டின்னுக்குள் கைவிட்டு எடுத்தாள். சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. கட்டையைத் தேடுகிற நேரம் கூடுதலாக ஆனது. நடந்தது என்னவென்றால், வரிசையாக எனக்கு விழுந்தது. எட்டு ஆட்டத்தில் ஐந்து ஃபுல் ஹவுஸ். முந்திரிக்கொத்து டப்பாவில் நிறைந்து, தின்ன ஆளில்லாமல் கிடந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீச்சருக்கு மூன்று தடவை. லில்லிக்கு ஒன்றுகூட இல்லை. அவள் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. "எனக்கு இதுலயும் ஒண்ணும் கெடையாது எக்கா" என்றாள் ஒரு நாள். அக்கா, "முப்பத்திரண்டு" என்றாள், ஆனால் வழக்கமான வேகத்தில் சொல்லவில்லை. அதற்கடுத்த இரண்டு நாள் லில்லி அழைப்புக்கே வரவில்லை. மகனுக்கு முதுகில் புண் வைத்துவிட்டது என்று மீன்காரி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாமியார் உறங்கியதும் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, பழையபடி எழுதி வச்சே விளியுங்க."

"நீ கத்தினதுனாலதானே நேரா எடுத்தேன்?"

"நான் கத்தினது தப்பு. லில்லிக்கு எழுதுங்க. டீச்சருக்கும் எழுதுங்க. எனக்கு மட்டும் எழுத வேண்டாம்."

"ஒனக்கு என்னத்துக்கு வேண்டாம்?"

"எனக்கு வேணும்ங்கதை இனி நான் வாயால கேப்பேன்."

"யாருட்ட?"

"மஸ்கட்டுக்கு விளிச்சு, அவியகிட்ட."

"எப்பம்?"

இன்றைக்கே என்று ஒரு வீம்பில் சொல்லிவிட்டேன். அக்கா அடுப்பை அணைத்தாள். "இப்பம் விளி. வெள்ளிக்கிழமை, அங்க லீவுதானே. நான் இஞ்சதான் நிக்கியேன்."

கூப்பிட்டேன். எடுத்ததும் அவர், "எங்க நிக்க? கேமராவுல வெளிய போறதப் பாத்தேன்" என்றார். நான் லேப் கதையைச் சொன்னேன். அந்த வேலை போய்விட்டது, வேறு வேலை தேடப் போகிறேன், காலையில் நான்கு மணி நேரம் எனக்கு வேண்டும் என்றேன். "அம்மைய யாரு பாப்பா?" என்று கேட்டார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

"நீங்க சொல்லுங்க. ஒங்களுக்க அம்மைதானே?"

"யோசிக்கணும்" என்றார். "யோசிங்க. நான் வைக்கியேன்" என்று வைத்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவருக்கு முன்னால் நான் போனை வைத்தது அன்றுதான். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு ஹோம்நர்ஸ் வந்தாள், நான் வேறொரு லேபில் சேர்ந்தேன். இடையில் நடந்த சண்டைகளை எழுதினால் நீளும்.

அக்கா என்னைப் பாராட்டவில்லை. முதுகில் தட்டவும் இல்லை. துண்டால் கையைத் துடைத்து, பிரிட்ஜின் மேலிருந்த தன் போனை எடுத்து என் கையில் திணித்தாள்.

"எனக்க மவனுக்கும் ஒண்ணு போடு. நீயே கேளு."

மகன் பெங்களூரில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வருவான், இரண்டாம் நாள் போய்விடுவான். "என்னத்தக் கேக்க?" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தேங்காய்ப்பட்டணம் ஒருக்காப் போணும். ஹார்பர்ல ஏலம் விளிக்கிய எடத்துல நின்னு, நானா பாத்து ஒரு மீன் வாங்கணும். ஏழு வருஷமாட்டு மீன்காரி தாறதைத்தான் திங்கியேன். ஒரு நாளு வந்து அப்பனப் பாத்துக்கிடுவானான்னு கேளு."

"நீங்க கேளுங்க எக்கா."

"எனக்கு வராது மக்களே. இன்னைக்கு வரைக்கும் இவனுட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

ஸ்பீக்கரில் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "என்னம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?" அப்பாவுக்கு ஒன்றுமில்லை, நான் பக்கத்து வீடு என்று சொல்லி, அக்கா சொன்னதை அப்படியே கேட்டேன். அவன் சந்தேகத்தோடு கேட்டான். "இத அம்மாவா கேக்கச் சொன்னாங்க?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. போனை அவள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன், "ஹலோ? ஹலோ?" என்றான்.

"ஆமா மக்கா," என்றாள் அக்கா. அது நான் அதுவரை கேட்காத குரலாக இருந்தது. "நான்தான் கேக்கச் சொன்னேன். எனக்கு ஒரு நாளு வேணும்."